நதீமின் தட்டில் ஒரு காளான்

எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் நதீம் ஒரு கேள்வி கேட்பான். கோழி எந்தக் கடையில் எடுத்தது என்பதுதான் அது. சிரித்துக்கொண்டே கேட்பான், கேட்கப்பட்டவருக்கு வருத்தம் வராது. ஹலால் கறி இல்லையென்றால் ரசமும் அப்பளமும் போதும் என்று சொல்லி, அதையும் பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு எழுவான். இருபத்திரண்டு வருஷ நட்பில் அவன் இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே வீடு எங்களுடையது. அவன் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் கறி எடுப்பது ஜமீர் பாய் கடையில் மட்டும்தான். எப்போது தொடங்கிய வழக்கம் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஒருமுறை அவன் மனைவி நஜ்மா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் அவனிடம் ஏதோ கேட்டாள். "பரிதி வூட்டுல கேக்கத் தேவையில்ல, தின்னு" என்றான் நதீம். அவன் அதை எனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் பிரான்சில், லியோன் நகரத்தில் இருந்துவிட்டு பிப்ரவரியில் தர்மபுரிக்குத் திரும்பியிருந்தேன். இப்போது வேலை வீட்டிலிருந்துதான். மாதம் இரண்டு முறை பெங்களூர் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். லியோனில் எனக்குப் பிடித்துப்போனது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. கோடையில் ஜன்னல் கதவுகளைச் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிட்டு மூன்று மணி நேரம் உட்காருவார்கள். கண்ணாடிக் கோப்பையில் ஒயினைக் கொஞ்சமாக ஊற்றி, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, பிறகுதான் குடிப்பார்கள். ஒரு பதார்த்தம் முடிந்து அடுத்தது வரும்வரை யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மௌனத்தை நிரப்ப யாரும் அவசரப்படுவதில்லை. சின்ன வயதிலிருந்தே புத்தகமும் கையுமாக வாய் திறக்காமல் இருந்தவன் நான். 'ஏன்டா உம்முன்னு இருக்க' என்று கேட்டுக் கேட்டு இந்த ஊர் என்னைக் குறையுள்ளவன் போலவே வைத்திருந்தது. அங்கே என் மௌனத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அதை நான் நம்பியும் விட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இங்கேயும் நடத்திப் பார்க்க வேண்டும் என்று மே மாதம் முடிவு செய்தேன். மாடி வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் சவுரியப்பன் சாரும் லூர்துமேரி டீச்சரும், நதீமும் நஜ்மாவும், அவ்வளவுதான் விருந்தாளிகள். குழந்தைகள் லீவுக்கு அரூரில் என் மனைவி அமுதவல்லியின் அக்கா வீட்டில் இருந்தார்கள். விமான நிலையத்தில் வாங்கிவந்த மூன்று பாட்டில் சிவப்பு ஒயின் பீரோவில் துணிகளுக்கு நடுவில் இருந்தது.

ரொட்டி நதீமின் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனுக்கு விறகு அடுப்பு வைத்த பேக்கரி இருக்கிறது. பன்னும் ரஸ்க்கும் வர்க்கியும் போடுகிறவன், என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் நீள ரொட்டியோடு மல்லுக்கட்டினான். முதல் நாள் கல்லாக வந்தது. இரண்டாம் நாள் பஞ்சாக வந்தது. நான்காம் நாள் கடைக்குப் போனபோது ஒரு ரொட்டியை என் காதருகே பிடித்து அழுத்தினான். மேல்தோல் மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சாடா? இதுக்காவ நாலு நாளா என் அடுப்பு என்னைக் கேலி பண்ணிச்சு" என்றான்.

சமையல் என்னுடையது. ஒயினில் ஊறவைத்து வேகவைக்கும் சேவல் கறி. ஜமீர் பாயிடம் இரண்டு நாட்டுச் சேவல் வாங்கி, ஒன்றை முந்தின நாளே ஒயினில் ஊறப்போட்டேன். அமுதவல்லி பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாட்டில் முழுசும் கோழிக்கேவா? எழுந்து ஆடிடப் போவுதுங்க."

"கொதிக்கக் கொதிக்கப் போதையெல்லாம் ஆவியாப் போயிடும் அமுதா. கடைசில ருசி மட்டும்தான் நிக்கும்" என்றேன். எங்கேயோ படித்ததை, எல்லாம் தெரிந்தவன் குரலில் சொன்னேன்.

இன்னொரு சேவல் நதீமுக்கும் நஜ்மாவுக்கும். புதிதாக வாங்கிய பாத்திரத்தில், பன்னீர் திராட்சையைப் பிழிந்த சாற்றில் எலுமிச்சை சேர்த்து வேகவைத்தேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரே வித்தியாசம் காளான். ஒயின் கறியில் காளான் போட்டேன். நஜ்மாவுக்குக் காளானைக் கண்டாலே ஆகாது என்பதால் அவர்கள் பாத்திரத்தில் போடவில்லை.

"கரண்டி மாத்திப் போட்டுடாத" என்றேன்.

"எனக்குத் தெரியாதாங்க?" என்றாள் அமுதவல்லி. அவள் இரண்டு கரண்டிகளையும் இரண்டு தட்டுகளில் தனித்தனியாகவே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, ஈரத் துணி தொங்கவிட்டு, கூலரைப் போட்டுக் கூடத்தை லியோன் ஆக்கினேன். இந்த வெயிலில் ஒயின் கொதித்துவிடும்போல் இருந்ததால் மீதிப் பாட்டில் இரண்டையும் மண்பானைத் தண்ணீருக்குள் நிறுத்தியிருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்த லூர்துமேரி டீச்சர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பரிதி, மீன் வளக்கிறியா?"

நதீம் ரொட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டாகக் கொண்டுவந்தான். மேசையில் கோப்பைகளைப் பார்த்தவன், ஒரு நொடி நின்று, பிறகு கூலருக்கு எதிரே பாயை விரித்தான்.

"நீங்க அங்க உக்காந்து சாப்புடுங்க. நானும் நஜ்மாவும் இங்க. ஒயின் இருக்கிற மேசை நமக்கு ஆகாது, ஆனா கூலர் காத்து பூரா எங்களுக்குத்தான்."

"விவரமான ஆளுங்க" என்றார் சவுரியப்பன் சார். ரிட்டயர்டு கண்டக்டர், எங்கே உட்கார்ந்தாலும் யாருக்கு எந்த இடம் என்று பார்ப்பது அவர் வழக்கம்.

அவருக்கும் டீச்சருக்கும் எனக்கும் ஊற்றினேன். எப்படி முகர்வது என்று காட்டினேன். டீச்சர் கண்ணை மூடி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கோயில்ல சாமியார் வச்சிருக்கிறது இனிப்பா இருக்கும்னு சொல்வாங்க. இது என்னப்பா, கஷாயமாட்டம்?"

"மெதுவா குடிங்க டீச்சர். வாயில கொஞ்ச நேரம் வச்சிருந்தாத்தான் தெரியும்."

"கஷாயத்த யாராச்சும் வாயில வச்சிருப்பாங்களா?" என்றாள் நஜ்மா பாயிலிருந்து. எல்லோரும் சிரித்தோம். ஆனால் பத்து நிமிஷம் கழித்து டீச்சர் தானாகவே கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாவப்பழ நெறம்" என்றார் தனக்குத்தானே. சவுரியப்பன் சார் மூன்றாவது வாய்க்குப் பிறகு, முப்பது வருஷம் ஓட்டையும் உடைசலுமான பஸ்ஸில் தொப்பூர் கணவாயில் இறங்கியதைப் பற்றி மிக நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் 'அப்புறம்' என்று கேட்கவில்லை. நான் லியோனில் கண்டதேதான். என் வீட்டுக் கூடத்தில், நாற்பது டிகிரி வெயிலுக்கு நடுவில், அது நடந்துகொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல காலம் ஆகியிருந்தது.

கறி வந்தது. முதல் முறை நானே பரிமாறினேன். அந்தப் பாத்திரம் அவர்களுக்கு, இந்தப் பாத்திரம் எங்களுக்கு. நதீம் ரொட்டியைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டான். தலையை ஆட்டினான்.

"டேய், இதுக்குத்தான் இந்த ரொட்டியா! இப்பத்தான்டா புரியுது. இட்லிக்குச் சாம்பார் கணக்கா."

அவர்கள் இருவரும் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்தே சாற்றைக் காலி செய்தார்கள். "அக்கா, இன்னும் கொஞ்சம் சாறு இருக்குமா?" என்று நஜ்மா கேட்க, அமுதவல்லி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் டீச்சருக்குப் பாலாடைக்கட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் வாங்கியது, வெயிலில் தட்டோடு ஒட்டிக்கொண்டு வழிந்தது. "கெட்டுப்போச்சாப்பா?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார்.

அமுதவல்லி திரும்பி வந்து நதீமின் தட்டிலும் நஜ்மாவின் தட்டிலும் சாறு ஊற்றினாள். தாராளமாக ஊற்றினாள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம்தானே இருந்தது என்று ஒரு நினைப்பு என் மனசில் ஓடிப் போனது. நதீம் நீண்ட ரொட்டியை எடுத்து ஒரு துண்டு கிள்ளினான். அவன் தட்டைப் பார்த்தேன்.

சாற்றின் நடுவில் ஒரு காளான் துண்டு மிதந்தது.

அது காளான்தானா என்று ஒருமுறை பார்த்தேன். குடை வடிவம், ஓரத்தில் நான் சாய்வாக வெட்டிய வெட்டு. கூலரின் சத்தம் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நதீம் கிள்ளிய ரொட்டியை நஜ்மாவிடம் காட்டி, மேல்தோலைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். அவன் ரொட்டியைச் சாற்றில் இறக்கினான். ஒரு பக்கம் தோய்த்துத் திருப்பி, மறுபக்கம் தோய்த்தான்.

டீச்சர் என்னிடம் ஏதோ கேட்டார். சவுரியப்பன் சார் கோப்பையை நீட்டினார். நான் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நதீம் சாப்பிட்டான்.

"மொதல்ல ஊத்துனத விட இது சூப்பரா இருக்கும்மா தங்கச்சி" என்றான் அமுதவல்லியிடம்.

நஜ்மா தன் தட்டில் கிடந்த காளானைக் கண்டு, "ஐயே" என்று விரல் நுனியால் ஓரத்தில் ஒதுக்கினாள். தட்டையே தள்ளி வைத்துவிட்டாள். எனக்குப் போதும் என்றாள். அவள் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. நதீம் அவள் தட்டையும் தன் பக்கம் இழுத்து, காளானோடு சேர்த்துக் காலி செய்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாம்பழம் வந்தது. காப்பி வந்தது. சவுரியப்பன் சார் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நான்கு மணிக்கு நதீம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"இந்த மாதிரி ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு அமைஞ்சதே இல்லடா பரிதி. நீ அங்க போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா? நல்ல படிப்புடா" என்று என் தோளில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனான்.

சமையலறையில் அமுதவல்லி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பாத்திரத்துல சாறு எப்படி வந்துச்சு?" என்றேன்.

"அடியில ரெண்டு கரண்டிதான் இருந்துச்சு. நஜ்மா ஆசையாக் கேட்டா, இல்லன்னு எப்படிச் சொல்றது? பெரிய பாத்திரத்துல இருந்து நாலு கரண்டி எடுத்து ஊத்திக் கொதிக்க வச்சேன். நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுத்தாங்க எடுத்தாந்தேன்."

"அதுல ஒயின் இருக்கில்ல அமுதா."

"கொதிச்சாப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க." சொல்லும்போதே அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. "போவலையா?"

"போனாலும் அவங்களுக்கு ஆகாது. ஒயின் ஊத்துனதே ஆகாது."

அவள் சோப்புக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சாறு போதவில்லை என்றால் பக்கத்துப் பாத்திரத்திலிருந்து எடுத்து ஊற்றிச் சமாளிப்பது அவள் கை தானாகச் செய்யும் காரியம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே போயிச் சொல்லுங்க. நானும் வரேன். கால்ல வேணா விழறேன்" என்றாள்.

"நாளைக்குச் சொல்றேன்."

அவள் தவறு தெரியாமல் நடந்தது. நான் காளானைப் பார்த்துவிட்டேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. நதீம் ஒரு நாள் போன் செய்து அந்த நீள ரொட்டியைக் கடையிலும் போடலாமா என்று கேட்டான், போடு என்றேன். புத்தகத்தைப் பிரித்து ஒரே பக்கத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்தச் சில நொடிகளில் நான் ஏன் வாய் திறக்கவில்லை? அமுதவல்லி எல்லோர் முன்னாலும் தலைகுனியக் கூடாது என்று நினைத்ததாகச் சொல்லிப் பார்த்தேன். பொய் என்று உடனே தெரிந்தது. அவளை நான் நினைக்கவே இல்லை. என் ஞாயிற்றுக்கிழமை உடைந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஒருவேளை அதைக்கூட நினைக்கவில்லை. எப்போதும்போல் பேசாமல் இருந்தேன்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பேக்கரிக்குப் போனேன். அந்த நேரத்தில் கடையில் ஆள் இருக்காது. நதீம் முண்டா பனியனோடு தட்டுகளில் பன் அடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அமுதவல்லி சாறு எடுத்து ஊற்றியது, நான் ஆவியாகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தது, எல்லாம்.

அவன் அடுக்குவதை நிறுத்தினான். துண்டை எடுத்து முகத்தையும் கழுத்தையும் மெதுவாகத் துடைத்தான். உதடு ஏதோ முணுமுணுத்தது. ஓதினான் என்று நினைக்கிறேன்.

"நஜ்மா?"

"அவங்க தொடல. காளான் இருந்துச்சுன்னு தள்ளிட்டாங்க. அத நீதான் சாப்பிட்ட."

தலையாட்டினான். குனிந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான்.

"தெரியாமத் தின்னது என்மேல இல்லடா. மேல இருக்கிறவன் மன்னிப்பான்" என்றான். "தங்கச்சி மேலயும் ஒண்ணும் இல்ல. அழுதுட்டிருக்குமே அது. நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு." கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கத் தொடங்கியது. அப்போது அவன் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது? தங்கச்சி சொல்லித்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று நாளாக அந்த வார்த்தையைத்தான் பழகி வைத்திருந்தேன்.

"இல்ல. உன் தட்டுல காளானப் பாத்தேன்."

"தின்னு முடிச்சப்புறமா?"

"நீ வாயில வைக்கறதுக்கு முன்னாடி. ரொட்டியக் கிள்ளிட்டிருந்த."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து ஒரு துண்டு கிள்ளினான். அதைப் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் திருப்பிக் காட்டினான். இல்லாத தட்டில் இறக்கி ஒரு பக்கம் தோய்த்தான். திருப்பினான். மறுபக்கம் தோய்த்தான். மெதுவாக, மிக மெதுவாக, வாய்வரைக்கும் கொண்டுவந்து, உதட்டுக்கு முன்னால் நிறுத்தினான்.

"இவ்ளோ நேரமா?" என்றான்.

நான் அந்தத் துண்டையே பார்த்தேன்.

"இவ்ளோ நேரம் பாத்துட்டே இருந்தியா?"

பன் துண்டைத் தட்டில் வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு 'டேய்' போதுமேடா" என்றான். "டேய்னு ஒரு வார்த்த. நான் கைய எடுத்திருப்பேனே."

ஒரு பெண் வந்து கால் கிலோ ரஸ்க் கேட்டாள். எடை போட்டு, பொட்டலம் கட்டி, சில்லறை கொடுத்தான். அவள் போனதும், வழக்கம்போல் ஒரு காகிதப் பையில் நான்கு வர்க்கி போட்டு என்னிடம் நீட்டினான்.

"தங்கச்சிகிட்ட குடு. நீ பாத்தத அதுகிட்டச் சொல்லாத. தாங்காது" என்றான்.

அதன்பிறகு ஒரு மாதம் அவன் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்துவான். போன் செய்தால் எடுப்பான். நீள ரொட்டியைக் கடையில் போடவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் தானாகவே வந்தான். வெளியே புழுக்கம், மழை வரும்போல் இருந்தது. கூடத்தில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். மைதா விலையைப் பற்றிப் பேசினான், சவுரியப்பன் சாரின் முழங்கால் வலியை விசாரித்தான், என் பெங்களூர் பயணத்தைக் கேட்டான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். உள்ளேயிருந்து அமுதவல்லி இரண்டு கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். அவன் வந்துவிட்ட சந்தோஷம் அவள் முகம் முழுக்க இருந்தது.

நதீம் டம்ளரை வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தான். அந்தச் சிவந்த நிறத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு அமுதவல்லியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மற்ற வீடுகளில் அவன் சிரிக்கும் சிரிப்பு. யாருக்கும் வருத்தம் வராமல் கேட்கும் அந்தச் சிரிப்பு.

"இதுல என்னம்மா போட்டிருக்க?"

அமுதவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் இருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நன்னாரிங்கண்ணா" என்றாள். "எலுமிச்சம்பழம். சக்கர. பானைத் தண்ணி."

அவன் தலையாட்டினான். டம்ளரைத் தூக்கினான்.

"ஒரு சிட்டிக உப்பும் போட்டேண்ணா" என்றாள் அவள் அவசரமாக.

அவன் குடித்தான். என் டம்ளர் என் கையில் அப்படியே இருந்தது.